மோனாம்மாவுக்கு உடைத்த பூசணிக்காய்

ஏனுங்க, பக்கத்துல ஆள் இருக்கறீங்களா? இருக்கறீங்க. நல்லதாப் போச்சு. கண்ணுல மருந்தை ஊத்திப்போட்டு, நான் வந்து கூப்பிடற வரைக்கும் தொறக்கவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருச்சுங்க. கண்ணையும் மூடிட்டு வாயையும் மூடிட்டு மனுசன் எப்படீங்க உக்காந்திருக்கறது? ரெண்டுல ஒண்ணைத்தான் நம்மளால மூட முடியும்.

ஊரு எதுங்க உங்களுக்கு? விருத்தாசலமா? அப்பாடா, தூரந்தான். பக்கத்து ஊரா இருந்திருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேனுங்க. நமக்கு மேட்டுப்பாளையத்துக்குப் பக்கம். பேரு வெள்ளிங்கிரி. எங்க வீட்டுக்காரி மயிலாத்தா காப்பி வாங்கியாறேன்னு போயிருக்கறா. அவ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். இது அவளுக்குத் தெரியாதுங்க. கலியாணமாகி இத்தனை வருசத்துல அவகிட்ட நான் மறைச்சது இது ஒண்ணுதான். இன்னொண்ணும் இருக்குது. அது சின்னது, விடுங்க.

மோனா கார்வெல்னு கேள்விப்பட்டிருக்கறீங்களா? ஹாலிவுட் நடிகைங்க. கேள்விப்பட்டதே இல்லையா? என்னங்க நீங்க, படிச்சவராட்டப் பேசறீங்க, இதைத் தெரியலைங்கறீங்க. கோயமுத்தூர்ல இங்கிலீசுப் படம் போடற கொட்டாயி ஒண்ணு இருந்துச்சு. அதுல மோனாம்மா படம் வந்தா, இங்கிலீசுல ஒரு எழுத்துத் தெரியாதவனெல்லாம் திரும்பத் திரும்பப் போயிப் பாப்பான். நானும் அந்தக் கூட்டந்தான். வசனம் புரியாதுங்க. புரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவங்க ஒரு தடவை மெதுவாத் திரும்பிப் பாப்பாங்க பாருங்க, எங்கியோ தொலைதூரத்துல இருக்கற ஒண்ணைப் பாக்கறாப்பல. கொட்டாயில இருக்கற ஒவ்வொருத்தனும் என்னையத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சுக்குவான். பைத்தியக்காரப் பசங்க. நான் அப்படியெல்லாம் நெனைக்கலை. என்னையத்தான் பாத்தாங்கன்னு எனக்கு நெசமாவே தெரியும்.

போன மாசம் பேப்பர்ல ஒரு மூலையில போட்டிருந்தானுங்க, பழம்பெரும் நடிகை காலமானார்னு. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு போட்டோ. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. என்னாச்சுன்னு மயிலாத்தா கேட்டா. வயித்துல கோளாறுன்னு சொல்லிட்டேன். சுக்குக் கசாயம் வெச்சுக் குடுத்துட்டா. மோனாம்மாவுக்காக நான் குடிச்ச கடைசிக் கசப்பு அதுதானுங்க. அவங்க உசுரோட இருக்கற வரைக்கும் ஒரு விசயத்தை ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். இப்ப அவங்களே போயிட்டாங்க. இனி நான் சொல்லாமப் போனா, அந்த விசயம் என் கூடவே வெந்து போயிரும். அதனாலதான் சொல்றேன்.

அப்ப எனக்கு இருவத்திரண்டு வயசு. எங்க சித்தப்பன் சோடாக் கம்பெனி வெச்சிருந்தாரு, அதுல வேலை. வேலைன்னா, சைக்கிள் பின்னால பொட்டியைக் கட்டிட்டுக் கடை கடையாப் போடறதுதான். அந்த வருசம் ஆனி மாசக் கடைசியில பவானி ஆத்தங்கரையில ஹாலிவுட்டுக்காரங்க வந்து கூடாரம் அடிச்சாங்க. தேயிலை எஸ்டேட்டுத் துரை ஒருத்தன், அவன் பொண்டாட்டி, வெள்ளம், ஆனை, இதுதான் கதை. பொண்டாட்டி மோனாம்மா. அந்தக் கூடாரத்துக்குச் சோடா போடற பாக்கியம் நமக்கு.

மொத நாள் அவங்க கோலி சோடாவைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. தொறக்கறதெப்படின்னு சைகையில கேட்டாங்க. கட்டை வெரலை வெச்சு அமுக்குங்கன்னு நானும் சைகையில சொன்னேன். அமுக்குனாங்க. டொப்புன்னு கோலி உள்ள போச்சு, பொங்குன சோடா பூராவும் அவங்க மூஞ்சியில. அங்கிருந்த வெள்ளைக்காரனெல்லாம் பதறிட்டான். இந்தம்மா சிரிச்சாங்க பாருங்க! வயித்தைப் புடிச்சுட்டு, ஊரே கேக்கற மாதிரி. படத்துல அவங்க அப்படிச் சிரிக்கவே மாட்டாங்க. நாலு பல்லு தெரியறாப்பல அளவாச் சிரிப்பாங்க. இது அத்தனை பல்லும் தெரியற சிரிப்பு. அதைப் பாத்தவன் இந்தச் சில்லாவுல நான் ஒருத்தன்தான்.

நான் சோடாக்காரனாவே இருந்திருந்தா அத்தோட போயிருக்கும். என் உசரம் என்னைய இழுத்து விட்டிருச்சுங்க. எந்திரிச்சு நின்னாக் காட்டலாம், நர்சம்மா திட்டும். சினிமாவுல, நடிக்கறவங்க வந்து நிக்கறதுக்கு முன்னால வெளக்கு, காமிரா எல்லாத்தையும் சரி பண்ணி வெப்பாங்க. அதுக்கு அதே உசரத்துல ஒரு ஆளை அந்த எடத்துல நிக்க வெக்கோணும். மோனாம்மா பனைமரமாட்ட ஒசரம். கூட வந்த பொம்பளைங்களுக்கு அவ்வளவு உசரம் கெடையாது. நான் பொட்டியோட நின்னுட்டு வேடிக்கை பாத்துட்டிருந்தேன். செம்பட்டைத் தலைக் காமிராக்காரரு டேப்பை எடுத்துட்டு வந்து என்னைய உச்சியில இருந்து பாதம் வரைக்கும் அளந்தாரு. சவப்பொட்டி செய்யப்போறாங்களோன்னு பயந்துட்டேன். அப்பறம் அவங்க தொப்பியாட்ட ஒரு தொப்பியைத் தலையில கவுத்து, கவுன் கலர்ல ஒரு துணியைத் தோள்ல சுத்தி, தரையில சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டு, அது மேல நில்லுன்னாங்க.

அன்னையில இருந்து அதுதான் வேலை. நான் அந்தக் குறி மேல வெயில்ல நிப்பேன். எல்லாம் சரியானதும் மணி அடிப்பாங்க. நான் எறங்குவேன், மோனாம்மா ஏறுவாங்க. என் கால் வெச்ச எடத்துல அவங்க கால். இதுக்கு மேல ஒரு ரசிகனுக்கு என்னங்க வேணும்? ஒரே ஒரு பிரச்சனைதான். கூட்டம் பாத்தாலோ பயம் வந்தாலோ என் கை தன்னால எடது காதுமடலைப் புடிச்சு இழுத்துட்டு நிக்கும். சின்ன வயசுப் பழக்கம். காமிராக்காரரு கத்துவாரு, காதை விடு காதை விடுன்னு. மோனாம்மா அங்கிருந்து சிரிப்பாங்க.

அவங்க நடிப்பைக் கிட்ட நின்னு பாக்கோணும். அழுகற சீன் ஒண்ணு. காமிரா எடது பக்கம். சரியா எடது கண்ணுல இருந்து மட்டும் தண்ணி வருது, வலது கண்ணு காஞ்சு கெடக்குது. கட்டுன்னு சொன்னதும் அந்தத் தண்ணியைச் சுண்டி விட்டுட்டு, உப்பும் மொளகாப்பொடியும் போட்ட கொய்யாக்காயைக் கடிக்கறாங்க. அப்படியொரு நடிப்பு.

குறி மேல நிக்காதப்ப வேற ஆளுங்க. சோடாப் பாட்டல் அடி மாதிரி தடிமனா ஒரு மூக்குக் கண்ணாடி. அதைக் கழட்டிட்டா அவங்களுக்குச் செவுரும் தெரியாது, மனுசனும் தெரியாது. இதைச் சொன்னது சாமுவேல். குன்னூர்க்காரரு, மொழிபெயர்க்கறதுக்குன்னு கூட்டிட்டு வந்திருந்தாங்க. காமிராவுக்கு முன்னால கண்ணாடி போடக் கூடாதாம். "அந்தம்மாவோட உலகப் புகழ்பெற்ற பார்வை இருக்குதில்லப்பா, எதுவுமே தெரியாததால வந்த பார்வை அது"ன்னாரு. எனக்குப் பாவமாப் போச்சு. கண்ணு தெரியாம எத்தனை பேரைப் பாக்காம விட்டிருக்காங்க! ஆனா குறி மேல நின்னுட்டு தூரத்துல என்னையப் பாக்கறப்ப மட்டும் அந்தப் பார்வையில ஒரு கனிவு வரும். அதை நான் கவனிச்சிருக்கேன்.

ஆனை மேல ஏறி ஆத்தைத் தாண்டற சீன் வந்துச்சு. சேதி பரவிருச்சு. காரமடை, அன்னூரு, சிறுமுகைன்னு எல்லா ஊரு வண்டியும் வந்து இக்கரையும் அக்கரையும் சனம். அத்தனை கண்ணும் அந்தம்மா மேல. வெள்ளைக்காரன் ஒருத்தனாவது ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்குவானா? ஒரு கற்பூரம்? ஒண்ணும் கெடையாது. நம்ம பக்கம் ஒரு கன்னுக்குட்டி அழகாப் பொறந்தாலே கழுத்துல கருப்புக் கயிறு கட்டுவோம். இவங்க ஒலக அழகியைச் சும்மா நிறுத்தி வெச்சிருக்கானுங்க.

மனசு கேக்கலை. நல்ல பெருசாப் பாத்து ஒரு பூசணிக்காய் வாங்கியாந்தேன். ஓட்டை போட்டு, குங்குமம் கொட்டி, மேல கற்பூரம் ஏத்தியாச்சு. ஆனா அவங்களை நிறுத்திச் சுத்தறதுக்கு ஆரு விடுவா? அப்பத்தான் ரோசனை வந்துச்சு. வெளக்குக்கும் காமிராவுக்கும் நான்தானுங்களே மோனாம்மா? அப்ப திருஷ்டிக்கும் நான்தானே? தொப்பியைக் கவுத்துட்டு அந்தக் குறி மேலயே நின்னேன். சாமுவேலைச் சுத்தச் சொன்னேன். நான் சர்ச்சுக்குப் போறவன்னு சொல்லிட்டு நழுவிட்டாரு. ஆனைக்காரன் மாதன்தான் சுத்துனான். சுத்தினதும் முச்சந்தியில ஒடைக்கோணுமில்லைங்க? கூடாரத்துல இருந்து வர்ற வழி, ஆத்துக்கு எறங்கற வழி, வண்டிப் பாதை, மூணும் ஒண்ணு சேர்ற எடம் ஒண்ணு இருந்துச்சு. பொருத்தமான எடம். தலைக்கு மேல தூக்கி ஓங்கிப் போட்டேன். நல்ல சதைப்பத்தான காயி. நாலா பக்கமும் சிதறுச்சு. ஒரு துண்டைக்கூட எடுக்கலை. எடுக்கக் கூடாதே.

மோனாம்மா கூடாரத்துல இருந்து வந்தாங்க. சீனுக்குப் போறதால கண்ணாடி இல்லை. தேவதையாட்ட நடந்து வர்றாங்க. சரியா அந்த முச்சந்திக்கு வந்தாங்க, சர்ருன்னு ஒரு கால் தனியாப் போச்சு, தொப்புன்னு விழுந்தாங்க. கவுன் பூராவும் செவப்பு. ரத்தம் ரத்தம்னு சனம் அலறுது. குங்குமமுங்க அது. ஆனா கணுக்கால் பன்னு ரொட்டியாட்ட வீங்கிருச்சு, ஊனவே முடியலை.

பாத்தீங்களா? பூசணிக்காய் ஒடைச்சும் இந்தக் கதி! ஒடைக்காம விட்டிருந்தா உசுரே போயிருக்கும். சுத்திப் போட்ட எடத்துலயே வந்து அடிச்சிருக்குதுன்னா அது எப்படியாப்பட்ட திருஷ்டியா இருக்கோணும்? மாதன்கிட்ட அப்பவே சொன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு ஆனைகிட்டப் போயிட்டான். பயந்துட்டான் போல.

படக் கம்பெனி மொதலாளி சுருட்டைக் கடிச்சுட்டுக் குதிக்கறாரு. என்னன்னு சாமுவேல்தான் சொன்னாரு. மலையில மழை புடிச்சுருச்சு, நாளைக்கு ஆறு தாங்காது. ஆனையும் முகாமுக்குத் திரும்பியாகோணும். இன்னைக்கு எடுக்கலைன்னா மூட்டை கட்டறது, படமே நிறுத்தம். மோனாம்மாவுக்கு வயசாயிருச்சு, இனி அம்மா வேசந்தான்னு அவங்க ஊர்ல ஏற்கெனவே பேச ஆரம்பிச்சுட்டாங்களாம். இந்தப் படமும் நின்னா அவங்க கதை முடிஞ்சுது. அது பத்தாதுன்னு, குதிரையோ தண்ணியோ எதுவா இருந்தாலும் வேற ஆளை விடாமத் தானே செய்யறவங்கன்னு அவங்களுக்கு ஒரு பேரு. அந்தப் பேரு வேற போயிரும்.

எல்லாரும் தலையில கை வெச்சுட்டு நிக்கறாங்க. செம்பட்டைத் தலைக் காமிராக்காரரு மட்டும் மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தாரு. அப்பறம் என் மீசையைப் பாத்தாரு.

ஏனுங்க, யாரோ ராமலிங்கம்னு கூப்பிடறாங்க. உங்களையா? நாற்காலி கிரீச்சுன்னுச்சே, எந்திரிச்சுட்டீங்களா? … ஓ, உக்காந்துட்டீங்க. நல்லது. காப்பி வாசம் வேற வருது. வாங்கிட்டு வந்து குடிக்கறீங்களாக்கும்? குடிங்க, குடிங்க. எங்க வீட்டுக்காரியும் அதுக்குத்தான் போயிருக்கறா, எந்தத் தோட்டத்துல காப்பிக்கொட்டை பறிக்கறாளோ.

எதுல விட்டேன்? மீசை. இங்கதானுங்க சிக்கல். ஆவணியில எனக்குக் கலியாணம். அன்னூர்ப் பக்கத்துப் பொண்ணு, இந்த மயிலாத்தாதான். உறுதி பண்ணப் போனப்ப அவங்கய்யன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "மீசை நல்லா இருக்குது மாப்ள"ன்னாரு. அது ஒண்ணுதான் சொன்னாரு. என்கிட்ட அவருக்குப் புடிச்சது அது மட்டுந்தான் போல. இன்னொண்ணு, பெத்த அய்யன் செத்தாத்தான் எங்க பக்கம் மகன் மீசையை எடுப்பான். எங்கய்யன் காலையில ஏழு தோசை தின்னுட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கறாரு.

முடியாதுன்னு சொல்லத்தானுங்க மோனாம்மா கூடாரத்துக்குப் போனேன். காலை ஒரு முக்காலி மேல நீட்டிட்டுக் கண்ணாடியைப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. என்னைய நல்லாப் பாத்துட்டு, சாமுவேல்கிட்ட, இவரு ஆருன்னு கேட்டாங்க. தெனமும் உங்க எடத்துல நிக்கறவருதான்னாரு சாமுவேல். "அப்படியா? அந்தப் பக்கம் ஒரு மரம் இருக்குதுன்னுல்ல நான் இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்"னாங்க. பாருங்க, அவ்வளவு அசையாம நின்னிருக்கேன்னு பாராட்டறாங்க. நடுவுல தமாசு வேற.

அப்பறம் சொன்னாங்க, "உனக்கு மனசில்லைன்னா வேண்டாம்பா, நான் ஊருக்குப் போறேன்"னு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. எடது கண்ணுல மட்டும் தண்ணி விடுவாங்கன்னு சொன்னேன் பாருங்க. அன்னைக்கு ரெண்டு கண்ணுலயும் வந்துச்சுங்க. எனக்குத் தாங்கலை. கத்தி எங்கன்னு கேட்டேன்.

அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஆனை மேல போனது நான் இல்லைன்னு ஆருகிட்டயும் சொல்லக் கூடாது, நான் சாகற வரைக்கும். சரின்னு கையை நீட்டுனேன். கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க. ஐஸ்ல வெச்ச சோடாவாட்டச் சில்லுன்னு இருந்துச்சு அந்தக் கை.

மீசை போச்சு. கவுன் வந்துச்சு, பொன்னு நெறத்துல டோப்பா வந்துச்சு. கவுனுக்குள்ள வேட்டியைக் கழட்ட மாட்டேன்னு ஒரே புடியா நின்னுட்டேன், மானம்னு ஒண்ணு இருக்குதில்லைங்க. என்னையத் தூக்கி ஆனை மேல வெச்சாங்க. காமிராவுக்கு என் முதுகும் சைடும்தான் தெரியும். மாதன் காமிராவுக்குத் தெரியாம ஆனைக்கு அக்கட்டால தண்ணிக்குள்ள நடந்து வந்தான். நடு ஆத்துல ஆனை ஒரு குலுக்குக் குலுக்குச்சு பாருங்க, எல்லாச் சாமியும் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு. அக்கரையில சனமெல்லாம் மோனாம்மா மோனாம்மான்னு கத்துது. பொம்பளைங்க கையெடுத்துக் கும்பிடறாங்க. நானும் மோனாம்மாவாட்டவே தலையை நிமுத்தி உக்காந்தேன். அத்தனை நாள் அவங்க எடத்துல நின்னதுல எல்லாம் படிஞ்சிருந்துச்சு. கை மட்டும் காதுக்குப் போயிருச்சு, பாழாப்போனது.

ஒரே தடவையில எடுத்தாச்சு. சாயங்காலமா மோனாம்மாவை ஒரு பீப்பாய் மேல உக்கார வெச்சு, தண்ணியை ஊத்தி, மூஞ்சியைக் கிட்டத்துல எடுத்தாங்க. அப்ப அவங்க என்ன பண்ணுனாங்க தெரியுமுங்களா? தன்னோட எடது காதைப் புடிச்சு மெதுவா இழுத்தாங்க! ஆனை மேல நான் இழுத்ததால அதோட பொருந்தறதுக்காக அப்படிச் செஞ்சாங்கன்னாரு சாமுவேல். அவருக்கென்ன தெரியும். என் ஞாபகமாச் செஞ்சாங்க.

இதுக்கப்பறந்தான் என் கூத்து. மீசையில்லாத மூஞ்சியோட சைக்கிள்ல ஊருக்குத் திரும்பறேன். வழியில எங்கூர்க்காரங்க நாலு பேரு பாத்துட்டாங்க. ஒருத்தரும் நிறுத்தி ஒரு வார்த்தை கேக்கலை. இழவு விழுந்த வீட்டுக்காரனை நடு வழியில நிறுத்தலாமான்னு மரியாதை. எனக்கு முன்னால போயிச் சேதியை மட்டும் அன்னூரு வரைக்கும் சொல்லிட்டாங்க. நான் சோடாப் பொட்டியை எறக்கிப்போட்டுப் பொறுமையா வீடு போயிச் சேர்றேன், வாசல் பூராவும் ஒறம்பறை, சொந்தபந்தமெல்லாம். பொம்பளைங்க கட்டிப் புடிச்சுட்டு ஒப்பாரி வெக்கறாங்க. "தோட்டத்துக்குப் போன மகராசா, திரும்பி வரலையே"ன்னு எங்கத்தை பாடுது. எங்கய்யன் மம்மட்டியைத் தோள்ல போட்டுட்டுத் தோட்டத்துல இருந்து வந்தவரு, கூட்டத்துல ஒருத்தரா நின்னு பக்கத்து ஆளுகிட்ட, "ஆருங்க போயிட்டது?"ன்னு கேட்டிருக்கறாரு.

அந்த நேரம் பாத்து அன்னூர்ல இருந்து வாடகைக் காரு வந்து நிக்குது. பொண்ணோட அய்யன் கையில ஆளுயர ரோசாப்பூ மாலையோட எறங்கறாரு. சம்பந்தி உசுரோட முன்னால நிக்கறாரு. கையில மாலை. மனுசன் தெகைச்சுப் போயி, என்ன பண்றதுன்னு தெரியாம அந்த மாலையை எங்கய்யன் கழுத்துலயே போட்டுட்டாரு. எங்கய்யன் மாலையோட என்னையத் துரத்துனாரு பாருங்க, ஊரை ரெண்டு சுத்து.

சிரிக்கறீங்களா? சத்தமாவே சிரிங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரலை. பொண்ணோட அய்யன் என் முன்னால நின்னு கேட்டாரு, "எதுக்கு மாப்ள மீசையை எடுத்தீங்க?" என்ன சொல்றது? வாக்குக் குடுத்திருக்கேனே. "சும்மா எடுத்தேன்"னேன். "அப்பன் உசுரோட இருக்கையில சும்மா மீசை எடுக்கறவனுக்கு என் பொண்ணு இல்லை"ன்னு சொல்லிட்டுக் காருல ஏறிட்டாரு. மயிலாத்தாளை நான் ஒரு தடவைதான் பாத்திருந்தேன், உறுதி பண்ணுன அன்னைக்கு. தண்ணிச் சொம்பைக் குடுத்துட்டு, என் மூஞ்சியைப் பாத்து வாய்க்குள்ளயே சிரிச்சா. அந்தச் சிரிப்பு போச்சேன்னு ராத்திரி பூரா அழுதேனுங்க. நெசமாத்தான் சொல்றேன். மோனாம்மாவா மயிலாத்தாளான்னு ஆராச்சும் கேட்டிருந்தா அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சிருக்காது. ஆனா வாயைத் தொறக்கலை.

ஒரு வாரம் போச்சு. அன்னூர்ல இருந்து ஆள் வந்துச்சு. கலியாணம் சொன்னபடி சொன்ன தேதியிலன்னு. மனசு எப்படி மாறுச்சு? நான் என்ன நெனைக்கறேன்னா, அன்னைக்கு நான் வாயைத் தொறக்காம நின்னேன் பாருங்க, அதுல ஒரு கம்பீரம் இருந்திருக்கோணும். வீட்டுக்குப் போயி மாமனாரு அதை நெனச்சுப் பாத்திருப்பாரு. வேற என்ன இருக்குது? தாலி கட்டையில மீசை அரையும் கொறையுமாத்தான் இருந்துச்சு.

படம் இங்க வந்தப்ப மயிலாத்தாளைக் கூட்டிட்டுப் போனேன். ஆனை சீன் வருது. என்ன அழகுங்க! ஆத்துக்கு நடுவுல, காத்துல தலைமுடி பறக்க, அந்தத் தலையை நிமுத்தி உக்காந்திருக்கற தோரணை. அந்தப் படத்துலயே மோனாம்மா ரொம்ப அழகா இருக்கறது அந்த சீன்லதான். சத்தியமாச் சொல்றேன், அதுல இருக்கறது நான்னு எனக்கே ஞாபகம் வரலை. "பாரு புள்ள, மோனாம்மாவைப் பாரு, இவங்களாட்ட இனி ஒருத்தி பொறக்கோணும்"னு மயிலாத்தா காதுல சொல்றேன். அவ என்ன பண்றாங்கறீங்க? முந்தானையை வாயில வெச்சுட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறா. அத்தனை நடிப்பையும் பாத்து ஒருத்தி சிரிக்கறான்னா என்னங்க சொல்றது? அவளுக்கென்ன தெரியும், தோட்டத்துல வளந்த புள்ளைன்னு விட்டுட்டேன். ஆனா இன்னொருக்கா கூட்டிட்டுப் போங்கன்னு அவளேதான் கேட்டா. அப்பறம் இன்னொருக்கா. அதுக்கப்பறமும் ஒருக்கா.

அவ்வளவுதானுங்க கதை. உங்க வாயில இருந்து இது வெளிய போகக் கூடாது. முக்கியமா எங்க வீட்டுக்காரிக்கு…

ஏனுங்க, சத்தத்தையே காணோம்? ஆரு சிரிக்கறது? இந்தச் சிரிப்பு…

மயிலாத்தா? நீயா? எப்ப வந்தே? விருத்தாசலத்துக்காரரு எங்க? ராமலிங்கம்னு கூப்பிட்டாங்களே, அப்பவே எந்திரிச்சுப் போயிட்டாரா? மீசையில இருந்து கேட்டுட்டு உக்காந்திருக்கறியா? ஒரு சத்தம் குடுக்க மாட்டியா? குடு, காப்பியைக் குடு. ஆறிப் போச்சு பாரு.

என்ன? எதுக்குக் கேக்கறே, அந்தம்மா காலுல எப்படி அடிபட்டுச்சுன்னு? வழுக்கி விழுந்தாங்க. திருஷ்டி புள்ள. பூசணிக்காய்கூட ஒடைச்சேன், அதுக்கு முன்னாலதான், கூடாரத்து வழியிலயே… சதையா? அது கெடந்துச்சு, அதுக்கென்ன? கண்ணாடி போடாத பொம்பளை நடந்து வர்ற வழியில ஆராச்சும்… அட போ புள்ள. இருக்காது. அதெல்லாம் இருக்காது. மாதன்கூட என்னைய ஒரு மாதிரி… இருக்காது, திருஷ்டிதான்.

சரி, அதை விடு. இந்தக் கதையைக் கேட்டு உனக்குக் கோவமில்லையா? இத்தனை வருசமா மறைச்சுட்டேனே. என்ன, தெரியுமா? எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா? அக்கரையில? உங்க சித்தி வண்டியில வந்து, அந்தச் சனத்துக்குள்ள நின்னியா? நின்னு பாத்தே, சரி. எல்லாரும்தான் பாத்தாங்க. ஊரே மோனாம்மான்னு கத்துச்சே, உனக்கு மட்டும் எப்படி…

காதா?

உறுதி பண்ணுன அன்னைக்குச் சொம்பு குடுத்தப்பவும் காதைத்தான் இழுத்துட்டிருந்தேனா? அதுக்குத்தான் சிரிச்சியா? ஆனை மேல இருந்த வெள்ளைக்காரி காதை இழுத்ததும் உனக்குத் தெரிஞ்சு போச்சா? அப்ப உங்கய்யன் மனசு மாறுனது என் கம்பீரத்துல இல்லையா? நீயா? நீ போயி என்ன சொன்னே? "அந்த மாப்ளை சும்மா மீசை எடுக்கற ஆளு இல்லை, எனக்குக் காரணம் தெரியும், கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்"னா? காரணத்தைக் கேட்டதுக்கு நீயும் சொல்லலையா? ஏன் சொல்லலை? நான் சொல்லாததை நீ எப்படிச் சொல்றதுன்னா?

அட என் மயிலு.

அப்ப கொட்டாயில நீ சிரிச்சது. திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போகச் சொன்னது. ஒலகம் பூராவும் அந்த சீனைப் பாத்துட்டு மோனாம்மாவைப் பாத்தேன்னுதான் நெனச்சுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த நானே மோனாம்மாவைத்தான் பாத்தேன். நீ ஒருத்திதான் புள்ள அதுல என்னையப் பாத்திருக்கறே.

நர்சம்மா எப்ப வந்து கண்ணைத் தொறக்கச் சொல்லும்னு இருக்குது. தொறந்தா எல்லாம் மங்கலாத்தான் தெரியுமாம். பரவால்லை, கிட்ட வந்து உக்காரு.

எதுக்கு இப்ப மறுபடியும் சிரிக்கறே? என்ன?

ஓ. விட்டுட்டேன், விட்டுட்டேன். கையைக் கீழ போட்டுட்டேன்.